அரிமா சங்கமும் நம் பங்கும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டையொட்டிப் பள்ளி மண்டபத்தில் நடைபெற்ற பொதுநிலையினர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டின் அறப்பணியாக, நம் ஊர் அரிமா சங்கத்தோடு சேர்ந்து பள்ளி வளாகத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துவதெனப் பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. சென்ற ஞாயிறு பூசை முடிவில் இதை அறிவித்தேன். அறிவித்த அரைமணி நேரத்துக்குள் மூன்று பேர் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். ஒருவர், "சாமி, அந்தச் சங்கத்திலே எல்லாம் கத்தோலிக்கர் சேரக் கூடாதென்று திருச்சபை சொல்லியிருக்கிறதே" என்றார். இன்னொருவர், "ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்துவிட்டு ஒன்பது போட்டோ எடுப்பார்களே" என்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதற்கும் வசூல் உண்டா சாமி?" என்று கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். முதுகுக்குப் பின்னால் பேசாமல் நேரில் வந்து கேட்டார்களே, அதற்கு நன்றி சொல்கிறேன். அரிமா சங்கத்தாரும் இங்கே உட்கார்ந்திருப்பதால் எல்லார் முன்னிலையிலும் பேசிவிடுவது நல்லது.

முதல் கேள்வியைக் கேட்டவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். அவர் சொன்னது கட்டுக்கதை அல்ல. 1951-ஆம் ஆண்டு சனவரி மாதம் உரோமையிலிருந்து ஓர் ஆணை வெளிவந்தது. குருக்கள் ரோட்டரி சங்கத்தில் உறுப்பினராகக் கூடாது, அதன் கூட்டங்களுக்கும் போகக் கூடாது. பொதுநிலையினர் இத்தகைய சங்கங்களைக் குறித்து விழிப்பாயிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் பிரீமேசன் என்னும் இரகசியச் சங்கத்தாரோடு திருச்சபைக்கு நெடுங்கால வழக்கு இருந்தது. அந்தச் சந்தேகத்தின் நிழல் இவர்கள் மேலும் விழுந்தது. குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபைச் சட்டம் கற்பித்த பேராசிரியர் இந்த ஆணையைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் மிச்சக் கதையையும் சொல்வார். 1965-ல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் இத்தாலி நாட்டு ரோட்டரி உறுப்பினர்களை வரவேற்று அவர்கள் பணியைப் பாராட்டினார். 1979 சூன் மாதம் ரோட்டரியின் உலக மாநாடு உரோமையிலேயே கூடியபோது, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அதில் கலந்துகொண்டவர்களுக்கு உரையாற்றினார். பதினான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு திருத்தந்தையர் வரவேற்ற பிறகு நாம் எதற்கு வாசலில் நின்று தயங்குவது? மேலும், அந்தப் பழைய ஆணை ரோட்டரியைக் குறித்தது. அரிமா சங்கத்தைக் குறித்ததன்று. நம் ஊர்ப் பேச்சில் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள்.

இரண்டும் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் பிறந்தவைதான். ரோட்டரி 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் கூடியதில் தொடங்கியது. வாரம் ஒருவர் அலுவலகத்தில் சுழன்று சுழன்று கூடியதால் அந்தப் பெயர் வந்தது. அவர்கள் செய்த முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? நகரத்தின் நடுவே பொதுமக்களுக்கு ஒரு கழிப்பிடம் வேண்டுமென்று முயன்று கட்டச் செய்தது. நம் பேருந்து நிலையத்தின் நிலைமையை நினைக்கும்போது, அந்த மனிதர்களுக்கு அறிவு இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் 1985 முதல் உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் போலியோ சொட்டு மருந்து கிடைக்க வேண்டுமென்று பெரும்பணம் திரட்டினார்கள். 2011 சனவரியில் மேற்கு வங்காளத்து ஹௌராவில் ஒரு சிறு பெண்ணுக்கு வந்ததே நம் நாட்டின் கடைசிப் போலியோ. 2014 மார்ச் 27 அன்று நம் வட்டாரம் முழுவதுமே போலியோ அற்றதென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அரசு, செவிலியர், தாய்மார் என்று பலர் கூடி இழுத்த தேர் அது. வடத்தில் ஒரு பிடி இவர்களுடையது.

அரிமா சங்கம் 1917-ல் தோன்றியது. மெல்வின் ஜோன்ஸ் என்று ஒரு காப்பீட்டுத் தொழில்காரர். வியாபாரிகள் கூடிச் சாப்பிட்டு, ஒருவர் தொழிலை ஒருவர் வளர்த்துக்கொள்ளும் சங்கம் ஒன்றில் அவர் இருந்தார். இதற்கு மட்டுமா நாம் கூடுகிறோம் என்று அவருக்குத் தோன்றிற்று. அதிலிருந்து பிறந்ததுதான் இது. தொடக்கத்திலேயே அவர்கள் எழுதி வைத்த ஒரு விதி என் மனத்தைக் கவர்ந்தது: உறுப்பினர்களின் பண இலாபத்தை எந்தக் கிளைச் சங்கமும் தன் நோக்கமாகக் கொள்ளலாகாது. வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விலங்கு இது. எல்லாரும் எப்போதும் அதன்படி நடக்கிறார்களா என்று கேட்டால், பத்துக் கற்பனைகளைப் பெற்றிருக்கும் நாம் எப்படி நடக்கிறோமோ அப்படித்தான் அவர்களும் என்று சொல்லுவேன்.

கண்பணிக்கு அவர்கள் வந்தது 1925-ல். பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் அவர்களுடைய மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களின் பக்கம் நின்று போராடும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். பார்வையற்றோர் கையிலிருக்கும் வெள்ளைக்கோலும் இவர்கள் முயற்சியால் பரவியதுதான். 1930-ல் அமெரிக்காவில் பியோரியா என்னும் ஊரில் அரிமா ஒருவர், பார்வையற்ற மனிதர் தெருவைக் கடக்கத் திண்டாடியதைப் பார்த்தார். அவருடைய கறுப்புக் கோல் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு வெள்ளை வர்ணம் அடித்தால் தெரியுமே என்று நினைத்தார். செலவு கொஞ்சம் வர்ணம், அவ்வளவுதான்.

இனி வசூலுக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிமா சங்கத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று நிர்வாகக் கணக்கு; மற்றது சேவைக் கணக்கு. உறுப்பினர்கள் கட்டும் சந்தா நிர்வாகக் கணக்குக்குப் போகும். கூட்ட மண்டப வாடகை, கடிதச் செலவு, அவர்கள் சாப்பிடும் விருந்து எல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் திரட்டிய பணம் சேவைக் கணக்குக்குப் போக வேண்டும். நிகழ்ச்சி நடத்திய நேரடிச் செலவு போக, அதில் ஒரு காசையும் சங்கத்தின் சொந்தச் செலவுக்குத் தொடக் கூடாது. மக்களிடம் வாங்கியது மக்களுக்கே திரும்ப வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நம் பங்கிலும் திருவிழாக் கணக்கு வேறு, ஏழைகள் நிதி வேறு என்று இரண்டு நோட்டு வைத்திருக்கிறோம். ஆனால் வாணவேடிக்கைக்குப் பணம் போதவில்லை என்றால் ஏழைகள் நிதியிலிருந்து கைமாற்றாக எடுத்துக்கொள்ளலாமே என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்கத்தான் கேட்கிறார். யாரென்று சொல்லமாட்டேன், இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்.

பணம் திரட்டும் வழிகள் பல. இன்னிசைக் கச்சேரி வைத்து நன்கொடைச் சீட்டு விற்பார்கள். மலர் அச்சிட்டு விளம்பரம் வாங்குவார்கள். நம் பொன்விழா மலரும் அப்படித்தான் வருகிறது. பின்பக்கங்களைப் புரட்டினால் நகைக்கடையும் சிமெண்டுக் கடையும் ஜவுளிக் கடையும் நமக்கு வாழ்த்துச் சொல்வதைக் காண்பீர்கள். உறுப்பினர்கள் தம் பிள்ளைகளின் பிறந்தநாளன்று ஒரு தொகை கொடுப்பார்கள். முகாம் அன்றைக்கு அரிசி மூட்டையோ, எண்ணெய் டின்னோ பொருளாகவே கொடுத்துவிடும் கடைக்காரர்களும் உண்டு.

இவற்றில் கச்சேரியை நான் அவ்வளவாக ஆதரிக்க மாட்டேன். மேடை, ஒலிபெருக்கி, விளக்கு, பாடகர் சம்பளம், அவர்கள் தங்கும் விடுதி, காவல்துறை அனுமதி எல்லாம் போக, கடைசியில் மிஞ்சுவதை எண்ணிப் பார்க்கும்போது, அத்தனை பேரும் அந்தச் சீட்டுப் பணத்தை நேரே உண்டியலில் போட்டுவிட்டு வீட்டில் வானொலியில் பாட்டுக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அரிமா நண்பர் ஒருவர் இதற்கு ஒரு பதில் சொன்னார். "சாமி, பாட்டு இல்லாமல் கேட்டால் பத்து ரூபாய் தருகிறவன், பாட்டுக்கு நூறு ரூபாய் தருகிறான். மனுசன் அப்படி." மனுசனைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. இந்த முகாமுக்குக் கச்சேரி கிடையாது. அதை மட்டும் பேசி முடித்துவிட்டோம்.

முகாமின் செலவு எது, யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கும் உள்ளே வைக்கும் லென்சுக்கும் மருத்துவமனை நோயாளியிடம் பணம் வாங்காது. பார்வையிழப்பைத் தடுக்க 1976 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்றும் இருந்து வருகிறது. சங்கத்தின் பொறுப்பு மற்றவை: துண்டறிக்கை, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராய் அறிவிப்பது, பந்தல், நாற்காலி, குடிநீர், வருகிற மருத்துவக் குழுவுக்குச் சாப்பாடு, நோயாளிகளை ஏற்றிச் செல்லும் பேருந்து. நம் பங்கு கொடுப்பது பள்ளி வளாகமும் மின்சாரமும் ஆட்களும். ஆகவே மூன்றாமவருடைய கேள்விக்கு விடை: வீடு வீடாக வசூல் இல்லை. ஆனால் வேறொன்று கேட்பேன், கடைசியில் சொல்கிறேன்.

முகாம் அன்று என்ன நடக்கும்? வந்தவர்களின் பெயரைப் பதிந்து, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். எழுத்துத் தெரியாதவருக்கு வேறு அட்டை உண்டு, வெட்கப்பட வேண்டாம். கண் அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு மருத்துவர் டார்ச்சு விளக்கை அடித்துப் பார்ப்பார். கண்ணாடி போட்டால் போதும் என்றால் எண் எழுதிக் கொடுப்பார்கள். "கண்ணிலே சதை வளர்ந்திருக்கிறது" என்று நம்மவர்கள் சொல்கிறார்களே, அதில் பெரும்பாலும் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்சு முதுமையில் மங்கி, அழுக்கடைந்த கண்ணாடிச் சன்னலைப் போல் ஆகிவிடுவது அது. அதற்குச் சொட்டு மருந்தும் கிடையாது, தாய்ப்பாலும் உதவாது, வைத்தியர் ஊதி எடுப்பதும் ஏமாற்று. மங்கியதை அகற்றிப் புது லென்சு வைப்பது ஒன்றே வழி. அப்படிப்பட்டவர்களுக்கு இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து, சரியாயிருந்தால் அன்றைக்கே பேருந்தில் மதுரைக்கு அழைத்துப் போவார்கள். ஓரிரு நாளில் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

இந்த ஏற்பாடு நம் தென்னாட்டில்தான் உலகமே பார்க்கும்படி வளர்ந்தது. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி என்னும் கண் மருத்துவர், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்பும் அந்த விரல்களால் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 58-ஆம் வயதில், 1976-ல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் அவர் இறக்கும்போது அது உலகத்தின் மிகப் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களுள் ஒன்றாயிருந்தது. ஊர் ஊராய் முகாம் நடத்த அவர்களுக்குத் தோள் கொடுத்தவர்களில் அரிமா சங்கங்களும் ரோட்டரி சங்கங்களும் முன்வரிசையில் நின்றன. ஒரு காலத்தில் அறுவை செய்தால் பிறகு சோடாப்புட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தால் மறுபடியும் இருட்டு. உள்ளே வைக்கும் லென்சு வெளிநாட்டிலிருந்து வந்ததால் ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் அமைத்து அந்த லென்சைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் விலை வெகுவாய் இறங்கியது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். மருத்துவர் உண்டு, லென்சு உண்டு, பேருந்து உண்டு, எல்லாம் இலவசம். அப்படியிருந்தும் கண் தெரியாதவர் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்? நம் மாநிலத்துக் கிராமங்களில் ஆராய்ச்சி செய்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள். கண்ணில் குறையுள்ளவர்களில் மிகச் சிறு பகுதியினரே முகாமுக்கு வந்திருந்தார்கள். காரணம் கேட்டால் பயம், வழித்துணை இல்லாமை, வீட்டுப் பொறுப்பு. இலவசச் சிகிச்சைக்கும் செலவு ஒரு காரணமாய்ச் சொல்லப்பட்டது. கூலி வேலைக்குப் போகும் மகன் இரண்டு நாள் கூட வந்தால் இரண்டு நாள் கூலி போகுமே, அதுதான் அந்தச் செலவு.

சென்ற ஆண்டு பக்கத்து ஊரில் முகாம் நடந்தபோது, நம் பங்கில் ஒரு கிழவியைப் போகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கண்ணும் புரை. பூசைக்கு வரும்போது பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். "ஆத்தா, வண்டி வாசலுக்கே வரும், போய்விட்டு வாங்களேன்" என்றேன். "சாமி, நான் போயிட்டா ஆட்டுக்கு யாரு தழை ஒடிச்சுப் போடுவா?" என்று கேட்டார். நாலு ஆடு. மகன் திருப்பூரில். மருமகள் செங்கல் சூளையில். பேத்திக்குப் பள்ளிக்கூடம். அரிமா சங்கத்தின் இரண்டு கணக்கிலும், அரசாங்கத்தின் எந்தத் திட்டத்திலும், அந்த நாலு ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஒதுக்கீடு கிடையாது. அதற்குப் பக்கத்து வீடுதான் வேண்டும்.

1833-ல் பாரிசு நகரத்தில் இருபது வயது மாணவர் பிரெடெரிக் ஓசானாம் தம் தோழர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழையின் வீட்டுக்கு நேரில் போவதையே அதன் முதல் கடமையாக்கினார். நம் சபையினர் வாரந்தோறும் அப்படிப் போகிறார்கள். எந்த வீட்டுத் திண்ணையில் யார் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அரிமா சங்கத்தாருக்குத் தெரியாது. தெரியாதது அவர்கள் குற்றமும் அல்ல. அவர்களிடம் பேருந்து இருக்கிறது, நம்மிடம் முகவரி இருக்கிறது. இந்தக் கூட்டுறவுக்கு இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

போட்டோ விஷயத்தை மறந்துவிடவில்லை. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாதென்று ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியும். ஆனால் நமது ஆலயத்து மின்விசிறி இறக்கைகளை அண்ணாந்து பார்த்தால் எத்தனை குடும்பங்களின் பெயர் சுற்றுகிறது! ஆகையால் அரிமா சங்கத்தின் பதாகையைக் குறித்து நாம் பெரிதாய்ப் பேச முடியாது. மேலும், சேவைக் கணக்குக்குப் பணம் கொடுத்த கடைக்காரர், அது எங்கே போயிற்று என்று பார்க்க விரும்புவதில் தவறில்லை. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான், அவர்களும் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். பந்தலைப் படம் எடுக்கலாம், மருத்துவரை எடுக்கலாம், சங்கத் தலைவரையும் என்னையும் வேண்டிய மட்டும் எடுக்கலாம். கண்கட்டோடு உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கையில் பழப்பையைக் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லும் படம் வேண்டாம். பார்க்க முடியாதவரைப் பார்க்கச் சொல்வது என்ன நியாயம்? பொதுநிலையினர் பணியைப் பற்றி 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டிலும் இந்தக் கருத்து வருகிறது: உதவி பெறுகிறவரின் மாண்பு கெடக் கூடாது, நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதைத் தருமமாகக் கொடுப்பதாய்க் காட்டிக்கொள்ளவும் கூடாது.

இனி நான் கேட்பதாகச் சொன்னது. ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீடுகளுக்குப் போக வேண்டும். கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்க வேண்டாம். வாசலில் நின்று துண்டறிக்கை கொடுத்துவிட்டு வந்துவிடாமல், உட்கார்ந்து பேசுங்கள். ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிப் போங்கள். "எனக்கு வலிக்கவே இல்லை" என்று ஒரு பாட்டி இன்னொரு பாட்டியிடம் சொல்வதற்கு இருக்கும் பலம் என் பிரசங்கத்துக்கு இல்லை. வர முடியாது என்றால் காரணம் கேளுங்கள். ஆடு என்றால் ஆட்டுக்கு ஆள் சொல்லுங்கள். பேரக்குழந்தை என்றால் குழந்தையை இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து வந்த பிறகு குறித்த நேரத்துக்குச் சொட்டு மருந்து விட ஓர் ஆள் வேண்டும். அடுப்புப் புகையிலும் தலைக்குக் குளிப்பதிலும் கவனம் வேண்டும். மறுபரிசோதனைக்கு அழைக்கும் நாளில் திரும்பக் கூட்டி வர வேண்டும். பேருந்து திரும்பியதும் வேலை முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள்.

பேருந்தில் நோயாளிகளோடு துணைக்குப் போக இருபது பேர் வேண்டும். மாற்று உடை ஒன்று, போர்வை ஒன்று, அவரவர் சாப்பிடும் மாத்திரைகள் இருந்தால் அவற்றின் சீட்டு, ஆதார் அட்டை இவற்றை நோயாளிகள் மறக்காமல் எடுத்துவரும்படி சொல்லுங்கள். துணைக்கு வருகிறவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம். நான் மேடையேறும் வரையில் பதினொரு பெயர் வந்திருந்தது. அதில் ஆண்கள் இரண்டே பேர்.